மிருதுளா மைக்கில் சொன்னது

உள்ளே வாருங்கள் அத்தை. அம்மா அந்தியூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். நான் மட்டும்தான் இருக்கிறேன். "பரவால்ல கண்ணு, ஒரு சொம்பு தண்ணி குடு போதும்" என்கிறீர்கள். அதுதான் எனக்குப் பயம். தண்ணீர் கேட்டு உட்கார்கிறவர்கள் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எம்.ஏ. முடித்திருக்கிறேன், ஆனால் பஸ்ஸில் "என்ற ஸ்டாப் வந்துருச்சுங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள்.

இந்தத் தெருவில் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை அத்தை. நீங்களும் அதற்கு வரவில்லை. வீடு தேடுகிறவர்கள் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வரமாட்டார்கள். தண்ணீர் வசதி எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்களோ வந்ததிலிருந்து பக்கத்து வீட்டு மொட்டை மாடியையே பார்க்கிறீர்கள். அங்கே காய்கிறதே பச்சைச் சுடிதார், அது மிருதுளாவுடையதுதான். அவளைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். காங்கேயத்து மாப்பிள்ளைக்கு நீங்கள் அத்தை. சரிதானே? சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் பெண் கேட்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் வந்து வாடகைக்கு வீடு கேட்பதுதான் வழக்கம். போன வருடம் இந்தத் தெருவில் எத்தனையோ பேர் வீடு கேட்டார்கள், ஒருத்தரும் குடிவரவில்லை. தெருவில் நாலு கல்யாணம் நடந்தது.

மிருதுளா என்னிடம் முன்னாலேயே சொல்லிவிட்டாள். "பூரணி, இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குது புள்ள. போட்டோவுல அவரு சிரிக்காமயே சிரிக்கிற மாதிரி இருக்காரு. யாராச்சும் விசாரிச்சு வந்தா நல்லபடியா நாலு வார்த்தை சொல்லு. அந்த வீடியோ விஷயத்தை மட்டும் எடுத்துராத."

எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் அதை நான் எடுக்கப்போவதில்லை. ஆனால் கோபிசெட்டிப்பாளையமே பார்த்த வீடியோ அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ பெரிதாக மறைக்கிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

அந்த வீடியோவில் பேசியது அவள் இல்லை. வாய்தான் அவளுடையது. பேச்சு என்னுடையது.

ஆமாம் அத்தை. காபி போடட்டுமா? வேண்டாமா? சரி, கேளுங்கள்.

எங்களுக்குள் இது சின்ன வயதிலிருந்து உள்ள ஏற்பாடு. எனக்குக் கண்ணில் எல்லாம் படும், வாய் திறக்காது. அவளுக்கு எதுவும் கண்ணில் படாது, வாய் மட்டும் நன்றாக வரும். வகுப்பில் நான் அவள் காதில் சொல்வேன், அவள் எழுந்து நின்று சொல்லிவிடுவாள். எட்டாவது படிக்கும்போது டீச்சர் வரைபடத்தில் தப்பான இடத்தில் காவிரியைக் காட்டினார். நான் முணுமுணுத்தேன். இவள் எழுந்து, "டீச்சர், ஆறு மலை மேல ஏறிப் போகுதுங்க டீச்சர்" என்றாள். நான் சொன்னது வேறு மாதிரி, மரியாதையாகச் சொன்னேன். அவள் அவள் பாணியில் கொஞ்சம் மாற்றுவாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. முட்டிபோட்டது அவள். கண்டுபிடித்தது நான். அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பெயர் வாங்குவதில் ஆசை கிடையாது.

இப்படித்தான் அவளுக்கு வாயாடி என்று பெயர் வந்தது. பாவம், அவள் பச்சைக் குழந்தை அத்தை.

இப்போது அந்த வீடியோ எடுத்த அன்றைக்கு வருகிறேன்.

உங்களுக்கு முன்னால் ஈரோட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பாங்கில் வேலை. மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். மீசை இரண்டு பக்கமும் காதைத் தேடிப் போகும். "வூட்டுல வந்து பஜ்ஜி திங்கறதெல்லாம் பழைய காலமுங்க. பொதுவா ஒரு எடத்துல பாத்துக்கலாம். பொண்ணு எப்பிடி இருக்கு, நடக்குது, சிரிக்குதுன்னு தெரிஞ்சு போயிரும்" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். மிருதுளாவின் அப்பா கோயில் என்று நினைத்தார். இன்ஸ்பெக்டர் சினிமா தியேட்டர் என்றார். ஒரு இங்கிலீஷ் படம், தமிழில் பேச விட்டிருந்தார்கள். தமிழில் என்னவோ பெயர், வேட்டை என்ற சொல் அதில் இருந்தது.

துணைக்கு நானும் போனேன். பெண்ணுக்கு ஒரு தோழி வேண்டுமாம். நான் ஓரத்தில் உட்கார்ந்தால் இருப்பதே தெரியாது, அதனால் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கதை இதுதான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் காட்டோரம் புதிதாக உண்டான ஊர்களுக்குக் காவல் காத்த இரண்டு பேர். நம் பக்கம் எல்லைச்சாமிக்குக் கதை இருக்கிற மாதிரி அங்கே இவர்களுக்குக் கதையாம். பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை. எங்கள் வரிசையில் எல்லாரும் பெரிய மீசை, சின்ன மீசை என்றுதான் சொன்னார்கள். இரண்டு பேரும் குதிரையில் ஒரு ஊருக்கு வருகிறார்கள். ஊரில் ரவுடிகள். லாட்ஜ் நடத்துகிற ஒரு விதவைப் பெண் இவர்களுக்கு இடம் கொடுத்துச் சோறு போடுகிறாள். இவர்கள் சுடுகிறார்கள், அவர்கள் சுடுகிறார்கள், எல்லாரும் சுடுகிறார்கள். கடைசியில் சின்ன மீசை செத்துப்போகிறார். பெரிய மீசை தனியாகக் குதிரையில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போகிறார். ஊரார் தொப்பியைக் கழற்றுகிறார்கள். அவ்வளவுதான்.

எங்கள் வரிசையில் நடந்தது அதைவிட நன்றாக இருந்தது. நான் பாதி நேரம் அதைத்தான் பார்த்தேன்.

பெரிய மீசை துப்பாக்கியை எடுக்கும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் சீட்டின் முனைக்கு வந்துவிடுவார். "தப்பு. கைய அப்பிடி வெக்கக்கூடாது" என்பார். சுட்டு முடித்ததும், "பரவால்ல" என்று பின்னால் சாய்வார். அவருடைய சம்சாரம் ரவுடிகள் சாகச் சாக "முருகா, முருகா" என்றார். இன்ஸ்பெக்டர் திரும்பி, "அவனுக கெட்டவனுக சரசு" என்றார். "கெட்டவனுக்கும் அம்மா இருப்பாளுங்க" என்றார் அந்தம்மா. மாப்பிள்ளை இடைவேளையில் பாப்கார்ன் வாங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார். வந்து, "பொண்ணுக்குக் குடுங்க" என்று பொட்டலத்தை அவர் அம்மாவிடம் கொடுத்தார். அந்தம்மா அதை மிருதுளாவின் அப்பாவிடம் கொடுத்து, "பொண்ணுக்குக் குடுங்க" என்றார். மிருதுளாவின் அப்பா என்னிடம் கொடுத்தார். என்னைத் தாண்டி அவளிடம் போகும்போது பொட்டலம் ஆறிவிட்டது.

மிருதுளா என்ன செய்தாளா? தின்றாள் அத்தை. கவலையில்லாமல் தின்றாள். படத்தை அவள் பார்த்தாளா என்பதே எனக்குச் சந்தேகம். அதைத்தான் சொல்கிறேன், அவ்வளவு வெள்ளை மனசு.

படம் விட்டது. வெளி வராந்தாவில் நின்றோம். இனிமேல்தான் உண்மையான பரீட்சை. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, "படம் எப்பிடி? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். ஸ்டேஷனில் வரிசையில் நிறுத்திக் கேட்கிற மாதிரியே இருந்தது.

மிருதுளாவின் அப்பா முந்திக்கொண்டார். "நல்லா இருந்துச்சுங்க. வெடிச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா சட்டம்னா சத்தம் இருக்கத்தானுங்களே செய்யும்." பாவம், உரக்கடை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாருக்கும் தலையாட்டிப் பழகிய மனிதர்.

"ரெண்டு பேருக்கும் கண்ணாலம் ஆவுல. அதான் இப்பிடி ஊர் ஊரா அலையறானுக" என்றார் இன்ஸ்பெக்டரின் சம்சாரம்.

மாப்பிள்ளை, "அப்பா என்ன நெனைக்கறாங்களோ அதேதானுங்க" என்றார். இன்ஸ்பெக்டர் தன் கருத்தை இன்னும் சொல்லவே இல்லை.

அப்புறம் அவர் சொன்னார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய மீசை மாதிரி தானும் ஒரு காலத்தில் ஒரு ஊரைச் சுத்தம் செய்ததாகவும், தான் மாற்றலாகிப் போன அன்று ஊரே அழுததாகவும் சொன்னார். "இன்னைக்கும் அங்க போனா எம்பேரச் சொல்லுவானுக." பக்கத்தில் அந்தம்மா மெல்ல, "அழுதது நாமதானுங்க. சாமான் ஏத்துன லாரி கவுந்து போச்சு" என்றார். யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். இதெல்லாம்தான் என் காதில் விழும்.

"பொண்ணு என்ன சொல்லுது?" என்றார் இன்ஸ்பெக்டர், மிருதுளாவின் அப்பாவைப் பார்த்து.

"சொல்லு சாமி" என்றார் அவர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மைக் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியுமே, படம் விட்டதும் தியேட்டர் வாசலில் செல்போனும் மைக்குமாக நிற்பார்களே, "படம் எப்பிடி இருக்கு ப்ரோ?" என்று. இன்ஸ்பெக்டர் தானாகவே போய் மைக்குக்கு முன்னால் நின்றார். மீசையை நீவிவிட்டு, சட்டத்தைப் பற்றி, இளைஞர்களைப் பற்றி, முட்டிக்குக் கீழே எப்படிச் சுடவேண்டும் என்பதைப் பற்றிப் பேசினார். மைக் பிடித்தவருக்குக் கை வலித்திருக்கும். மூச்சுவிட அவர் நிறுத்தியதும் மைக்கை இந்தப் பக்கம் திருப்பி மிருதுளாவிடம் நீட்டிவிட்டார். "அக்கா நீங்க சொல்லுங்க."

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். எனக்குத் தெரியும், அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. காதருகில் போய்ச் சொன்னேன். "ஊருக்குள்ள யாரும் துப்பாக்கி எடுத்து வரக்கூடாதுன்னு போர்டு வெச்சது அவங்க. கடைசி வரைக்கும் துப்பாக்கியோட திரிஞ்சதும் அவங்கதான். போட்ட சட்டத்த அவங்களே மதிக்கல." நன்றாக இருக்கிறது இல்லையா அத்தை? படம் பார்த்தவர்களில் வேறு யாருமே அதைக் கவனிக்கவில்லை.

சொல்லி முடிப்பதற்குள் கேமரா விளக்கு என் மேல் திரும்பியது. அவ்வளவுதான், நான் ஓடிவிட்டேன். அங்கே பெரிய மீசைக்கு ஆளுயர அட்டைப்படம் வைத்திருந்தார்கள். அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடுத்த காட்சிக்கு நின்ற கூட்டம் ஒரே கூச்சல், அவள் பேசியது என் காதில் விழவில்லை. திடீரென்று விசில் பறந்தது. கைதட்டினார்கள். அட்டைக்குப் பின்னால் நின்றபடி நானும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. என் வார்த்தைக்கு அவ்வளவு விசில் அதுவரை விழுந்ததில்லை.

வெளியே வந்து பார்த்தால் இன்ஸ்பெக்டரின் மீசை கீழே இறங்கியிருந்தது. "வா சரசு" என்று காரைப் பார்த்து நடந்தார். மாப்பிள்ளை பின்னால் ஓடினார். அந்தம்மா மட்டும் திரும்பி மிருதுளாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மறுநாள் தரகர் வந்து, "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்லிப்போட்டாங்க" என்றார்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? போலீஸ்காரர் வீட்டில் போய்ச் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? மிருதுளாவிடம் போய் அழுதேன். "என்னால உனக்கு இப்பிடி ஆயிருச்சே புள்ள." அவள் சிரித்தாள். "உன்னால ஒண்ணுமில்ல பூரணி. நீ போய்த் தூங்கு" என்றாள். அவ்வளவு பெரிய மனசு. ஒரு நாள்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதனால்தான் அத்தை, நான் உறுதியாகச் சொல்கிறேன். பயப்படாதீர்கள். அந்த வாய் அவளுடையது இல்லை. தானாக அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. சினிமா, அரசியல், மாமியார் சமையல், எதிலும் கிடையாது. வைத்த இடத்தில் இருப்பாள். இதைவிட நல்ல சான்றிதழ் யார் தருவார்கள்?

ஏன் அத்தை, சொம்பைக் கீழே வைத்துவிட்டீர்கள்? முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிம்மதி என்றுதானே நினைத்தேன்?

என்ன? உங்கள் அண்ணன் மகன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்கச் சொன்னாரா? திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாரா? வீட்டில் எல்லாருக்கும் காட்டி, "கட்டுனா இப்பிடிப் பேசற பொண்ணைத்தான்" என்றாரா?

ஐயோ.

அத்தை, உட்காருங்கள். பையை ஏன் எடுக்கிறீர்கள்? நான் சொன்னது அப்படி இல்லை. அவளுக்கு அபிப்பிராயம் இருக்கிறது! நிறைய இருக்கிறது. மாமியார் சமையலைப் பற்றிக்கூட... இல்லை, அது வேண்டாம். நான் சும்மா ஒரு சொல் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். பாதிதான் என்னுடையது. கால்வாசி. "தானா ஒண்ணும் பேசத் தெரியாத புள்ளைய என்ற அண்ணன் பையன் தலையில கட்டச் சொல்றியா" என்று கேட்காதீர்கள். அவள் என்னை நம்பித்தான் இங்கே விசாரிக்க விட்டிருக்கிறாள். அந்த இடம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என்னால் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது, இதுவும் போனால் நான் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

என்ன கேட்டீர்கள்? எதை எடுத்துக் கொடுத்தேன் என்றா? அதுதான், போர்டு விஷயம். துப்பாக்கி கூடாது என்று போர்டு வைத்துவிட்டு...

வீடியோவில் போர்டே வரவில்லையா? வரும் அத்தை. சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இல்லை, நான் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. அம்மா எனக்கு அனுப்பினார், திறக்கவே இல்லை. ஓரத்தில் என் துப்பட்டா தெரிகிறதாம். நினைத்தாலே கூச்சம். போடாதீர்கள் அத்தை, ப்ளீஸ். சரி, போடுங்கள். சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

ஆமாம், அது என் துப்பட்டாதான். குனிந்து கேட்கிறாள் பாருங்கள், நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறாள். இதோ நான் ஓடுகிறேன். இப்போது சொல்வாள், "ஊருக்குள்ள துப்பாக்கி..."

இருங்கள். என்ன சொன்னாள்? பின்னால் தள்ளுங்கள். இன்னொரு தடவை.

"படம் சூப்பருங்க. ஆனா ஒண்ணு. அந்த லாட்ஜ்க்கார அக்கா அத்தன நாளு ரெண்டு மீசைக்கும் சோறு போட்டுச்சு, காயத்துக்குக் கட்டுப் போட்டுச்சு. கடைசி வரைக்கும் ஒருத்தராச்சும் அதும் பேரு என்னன்னு கேட்டாங்களாங்க? ஊரையே காப்பாத்துனாலும் சரி, பேரு கேக்காத ஆளு எனக்கு ஹீரோ இல்லீங்க. இன்னைக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. காலையிலிருந்து பொண்ணு பொண்ணுங்கறாங்க. இன்னும் எம்பேர ஒருத்தரும் கேக்கல. எம்பேரு மிருதுளாங்க."

இதையா சொன்னாள்?

போர்டு எங்கே? துப்பாக்கி எங்கே? நான் சொன்னதில் ஒரு சொல்கூட இல்லையே அத்தை. கேட்டுத் தலையாட்டினாளே. என்னைச் சமாதானப்படுத்தத்தான் ஆட்டினாளா? அப்போது வகுப்பில்? காவிரி மலை மேல் ஏறியது? அதுவும் அவளாகவே...

படத்தின் நடுவில் என்னிடம் கேட்டாள். "அந்தக்கா பேரு என்ன புள்ள?" என்று. "அது கதைக்கு முக்கியமில்ல, சும்மா பாரு" என்றேன். நான்தான் சொன்னேன் அப்படி. எல்லாம் கண்ணில் படுகிறவள் நான்! பாப்கார்ன் பொட்டலம் கைமாறியது அத்தனையும் பார்த்தேன். அவர்கள் அவள் பெயரைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள் அத்தை? "இத்தன நேரம் நீ பேசுனதுல ஒண்ணு மட்டும் உருப்படி, அந்தப் புள்ளைக்கு உன்ற ஒத்தாசை தேவையில்லைன்னு தெரிஞ்சு போச்சு" என்கிறீர்கள். பரவாயில்லை. கோபமில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் போய் நின்றதால்தானே அவளுக்குத் தைரியம் வந்தது? சரி, அதுவும் இல்லையா. சரி.

பையை எடுத்துவிட்டீர்கள். எங்கே, நேராக அவள் வீட்டுக்கேவா? இன்றைக்கே பேசிவிடப் போகிறீர்களா? போங்கள் அத்தை, நன்றாக இருப்பாள். இரும்புக் கேட்டைக் கொஞ்சம் தூக்கித் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் தரையில் உரசும். நான் இவ்வளவு பேசினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பூரணி தண்ணீர் கொடுத்தாள், ரெண்டு வார்த்தை பேசினாள் என்று சொல்லுங்கள். அவள் நம்பிவிடுவாள்.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும்போது நானும் இருக்கவேண்டுமா? இருக்கிறேன். ஆனால் அவள் பின்னால் நிற்கமாட்டேன். அடுப்படியில் இருந்துகொள்கிறேன், பஜ்ஜி போடுகிறேன். அவர் கேட்கிறதை அவளிடமே கேட்கட்டும், அவளே சொல்லட்டும். கதவை மட்டும் சாத்தவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள் அத்தை. இந்தத் தடவையாவது அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவேண்டும்.